மேடத்தின் மீனுக்கு நாவூறு பார்த்த கதை

நேர்முகப் பரீட்சையில் பொய்யே சொல்லாதவர் யாராவது இருந்தால், அவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பார். நான் சொன்னது ஒரேயொரு பொய்தான். "பெரியகல்லாறு, மீனவக் குடும்பம். மீனைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை." உண்மையில் அப்பா தபால் கந்தோரில் முத்திரை விற்றவர். மீனோடு எனக்கிருந்த உறவு சோற்றுக் கோப்பையைத் தாண்டியதில்லை. வள்ளத்தில் ஏறினால் தலைசுற்றும். (கரையில் கட்டிவைத்த வள்ளம் என்றாலும்.)

சுனாமி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. புளியந்தீவில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் வாசலில்தான் விழவேண்டும். அப்படி விழுந்த ஓரிடத்தில் நான் 'மீன்பிடி வாழ்வாதார அதிகாரி' ஆனேன். என் ஆலோசனைப்படி வாவி மீனவர்களுக்குப் பெரிய கடல் வள்ளங்கள் கொடுத்தோம். (ஆழமில்லாத வாவியில் அவை தரைதட்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?)

எங்கள் மேடம் வெள்ளைக்காரி. அலுவலக வாசலறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, ஒற்றைத் தங்கமீன் வளர்த்தார். ஒரு வாரக் கூட்டத்துக்காகக் கொழும்புக்குப் புறப்பட்டபோது, "மீன் உங்கள் பொறுப்பு. வந்ததும் உங்கள் வேலையை நீடிப்பது பற்றிப் பேசுவோம்" என்றார். அந்த வேலையைச் சொல்லித்தான் அம்மா களுவாஞ்சிக்குடியில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார். ஆக, தொட்டிக்குள் மீனோடு சேர்ந்து என் கல்யாணமும் நீந்திக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் மீன் இரையைத் தொடவில்லை. வயிறு ஊதி, ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தது. எங்கள் வீட்டில் சாப்பிட மறுப்பவர்களுக்கு என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். வேறு சாப்பாடு கொடுத்தேன். இடியப்பம் உதிர்த்துப் போட்டேன். கூனி இறால் போட்டேன். அடுத்த நாள் காலையில் அது கிட்டத்தட்டத் தலைகீழாகக் கிடந்தது.

வேறு வழியில்லாமல் அம்மாவின் தம்பியைக் கூப்பிட்டேன். மாமா அசல் வாவி மீனவர். அவருடைய தோணியைச் சுனாமி கொண்டுபோனது. அதற்குப் பதிலாக நாங்கள் கொடுத்த வள்ளத்தில் அவர் கோழி அடைத்திருந்தார். தொட்டியை இரண்டு முறை சுற்றிவந்தார்.

"ஏன் மாமா தின்னுதில்ல?"

"எனக்கென்னடா தெரியும்? நான் காணுற மீனெல்லாம் இரையத் திண்டுதானே தூண்டில்ல வாறது. தின்னாத மீன இண்டைக்கித்தான் காணுறன்." கொஞ்சம் யோசித்தார். "வாசல்ல வெச்சிரிக்கியள். வாறவன் போறவன்ட கண்ணெல்லாம் இதிலதான். நாவூறுடா. சுறுக்கா வேப்பங்கொத்தும் திருநீறும் கொண்டா."

சாரதியும் காவலாளியும் சமையல் அக்காவும் கைகட்டி நின்றார்கள். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். மாமா ஏதோ முணுமுணுத்து, வேப்பங்கொத்தால் தொட்டியை மேலிருந்து கீழாக மூன்று முறை தடவி, கண்ணாடியில் திருநீறு பூசினார்.

"மறுகா, மூண்டு நாளைக்கு இதுக்கு ஒருத்தரும் ஒண்டும் குடுக்கப்படா."

காவலாளி திடுக்கிட்டார். "அப்ப நான் காலையில போடுற றொட்டி?"

"என்ட பிஸ்கற்?" என்றார் சாரதி.

"பாவம், அது பாத்துக்கொண்டு இரிக்க நாம மட்டும் எப்பிடித் தின்னுற?" என்றார் சமையல் அக்கா.

வாசலில் வந்து நிற்பவரையே சாப்பிடாமல் அனுப்பாதவர்கள் எங்கள் ஆட்கள். வாசலிலேயே குடியிருக்கும் சீவனை விடுவார்களா? மீனுக்கு நோயும் இல்லை, நாவூறும் இல்லை. ஐந்து நாளாக அது விருந்து சாப்பிட்டிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மேடம் இரண்டு நாள் முந்தியே வந்துவிட்டார். திருநீறு பூசிய தொட்டியையும், கும்பிட்டபடி நின்ற தன் மீன்பிடி அதிகாரியையும் பார்த்து, "இங்கே என்ன நடக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். தன் ஆங்கிலத்தைக் காட்ட ஆளில்லாமல் தவித்திருந்த சாரதி, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

"மேடம், என்ட மருமகன் நல்ல பொடியன். ஆனா மீனப்பத்தி ஒண்டும் தெரியா. வள்ளத்தில ஏறினாச் சத்தி எடுப்பான். அவன்ட அப்பா தபால் கந்தோர். இவன்ட சொல்லக் கேட்டு எங்களுக்கு வள்ளம் குடுத்திரிக்கியள். என்ட கோழியெல்லாம் அதுக்குள்ள நல்ல சுகமா இரிக்கி."

(என்னைக் காப்பாற்றத்தான் பேசினாராம். இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.)

நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பிடிபட்டது மட்டுமல்ல வெட்கம். மாமா இத்தனை மாதமாகத் தொழிலில்லாமல் கோழி மேய்த்ததற்கு நான்தான் காரணம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதுவரை அந்த வள்ளங்களை அறிக்கையில் மட்டும்தான் நான் பார்த்திருந்தேன்.

மூன்றாம் நாள் மீன் நிமிர்ந்தது. நான்காம் நாள் சாப்பிட்டது. மேடம் மாமாவை ஆலோசகராக்கினார். அடுத்த முறை மீனவர்களுக்கு வாவிக்கேற்ற தோணிகள் வந்தன. என் வேலையும் நீடித்தது, மாமாவுக்குக் கடிதம் தட்டச்சு செய்பவனாக. களுவாஞ்சிக்குடிக்காரர்கள் யோசித்தார்களாம். பெண்தான், "ஒரு பொய்ய ஒழுங்காச் சொல்லத் தெரியாத ஆள்தானே, எனக்கு அதுவே காணும்" என்றாளாம்.

யுத்தம் முடிந்தது. நிறுவனம் மூட்டை கட்டியது. மேடமும் போய்விட்டார். ஆனால் இன்றைக்கும் நான் பசியில்லை என்று கோப்பையைத் தள்ளினால், என் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டு, "அதிகாரிக்கு நாவூறு. மூண்டு நாளைக்கு ஒண்டும் குடுக்கப்படா" என்று அறிவித்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதன்பிறகு பசிக்கிறது என்று கெஞ்சினாலும் நம்பமாட்டாள். பொய் சொல்லி வேலை எடுத்தவன்தானே.