பனிக் கதையும் ஜாம் பன்னும்

இனிமே என் வீட்டுக்குள்ள பனி பெய்யக் கூடாதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நெஞ்ச நிமித்தி முடிவெடுத்தேன்.

வீட்டுக்குள்ள எப்படிப்பா பனி பெய்யும்னு கேப்பீங்க. புக்குலேர்ந்து பெய்யுது. மாடி வீட்டு டீச்சரம்மா ஒரு பை நிறைய கொலைக் கதை கொண்டாந்து என் வீட்டுக்காரி கையில குடுத்துட்டாங்க. ஸ்வீடன், நார்வேன்னு அந்தப் பக்கத்துக் கதைங்க, தமிழ்ல போட்டது. எந்த அட்டையப் பாரு, பனி. பனிக்கு நடுவுல ஒத்தை வீடு. வாசல்ல ஒரு சொட்டு ரத்தம். அந்த ஒரு சொட்டு யாரோடதுன்னு கண்டுபிடிக்க அறுநூறு பக்கம். நாமெல்லாம் துணிய வச்சுத் துடைச்சுட்டுப் போயிருப்போம்.

நான் பிரிட்ஜு, வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றவன். அந்த ஊர்ல பொறந்திருந்தா பட்டினிதான். வீட்டுக்கு வெளியவே பிரிட்ஜு, எவன் கூப்பிடுவான் என்னைய? படிப்புக்கும் எனக்கும் அஞ்சாங்கிளாஸ்லயே தகராறு. அவ படிச்சா எனக்கென்னன்னு இருந்திருக்கலாம். ஆனா என் பன்னுக்கு ஆபத்து வந்துருச்சு.

பன்னுன்னா ஜாம் பன்னு. எனக்குச் சர்க்கரை இருக்கு. இனிப்பு கண்ணால கூடப் பாக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவரு சொன்னா கேக்காம விட்டுடலாம், ஆனா அன்னிக்குப் பக்கத்து நாற்காலியில என் வீட்டுக்காரி உக்காந்திருந்தா. அதுலேர்ந்து காப்பி கசப்பு, வாழ்க்கை கசப்பு. சாயங்காலம் நாலு மணிக்கு என் ரிப்பேர் கடைக்குப் பக்கத்து பேக்கரியில ஒரே ஒரு பன்னு. அதையும் கடைக்குள்ள, செத்துப்போன பெரிய பிரிட்ஜுக்குப் பின்னாடி நின்னு, எலி மாதிரி தின்னுட்டு வாயத் துடைச்சுக்குவேன். அவ்வளவுதான் என் சுகம்.

முன்னாடியெல்லாம் அவ நான் சொல்றத நம்புவா. இந்தப் புக்கு வந்த அப்புறம் சட்டைப் பையில கிடக்கற தூள வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறா. மீசைய மோந்து பாக்கறா. அந்தக் கதையில ஒரு பொம்பள இன்ஸ்பெக்டரு வருதாம். அடிக்காது, அதட்டாது. பால் ஊத்தாத காப்பிய வச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்து சும்மா பாக்குமாம். எதிராளி தானா உளறிடுவானாம். இதை இவ என்கிட்ட பழகிப் பாக்கறா. ஒருநாள் சோத்தப் போட்டுட்டு அப்படியே பாத்தா. நான் தாங்க முடியாம, மிக்ஸி மூடிய உடைச்சது நான்தான்னு சொல்லிட்டேன். மூடி உடைஞ்சதே அவளுக்கு அப்பதான் தெரியும்.

இப்படியே போனா பன்னையும் நானே சொல்லிடுவேன். அதனாலதான் அந்த ஞாயித்துக்கிழமை முடிவு. இருக்கறதுலயே குண்டு புக்கு ஒண்ணு, முடியற கட்டத்துல வச்சிருந்தா. அவ குளிக்கப் போனா. பிரிட்ஜு கதவு ரப்பர் வெட்டற பிளேடால கடைசி அத்தியாயத்த அலுங்காம வெட்டி எடுத்துட்டேன். அறுநூறு பக்கம் படிச்சுட்டுக் கொலைகாரன் யாருன்னு தெரியலன்னா யாருக்கும் வெறுத்துப் போகுமில்ல? அதோட பனிக் கதைக்கு முழுக்குப் போட்டுடுவா. வெட்டின தாள கடைக்குக் கொண்டு போய், செத்த பிரிட்ஜோட பிரீசருக்குள்ள திணிச்சேன்.

மறுநாளே அவ கடைசிப் பக்கத்துக்கு வந்துட்டா. நான் சோத்துத் தட்டு முன்னாடி பேப்பர்ல மூஞ்ச மறைச்சுக்கிட்டு, இப்ப கத்துவா, இப்ப கத்துவான்னு உக்காந்திருக்கேன். அவ புக்க மூடி அலமாரியில வச்சுட்டு, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவான்னு கேட்டா. கதை எப்படி முடிஞ்சுதுன்னு மெதுவா விட்டுப் பாத்தேன். ரொம்ப நல்லா முடிஞ்சுதுன்னா.

எனக்குத் தலை சுத்துது. முடிவு என் பிரீசர்ல கிடக்கு. அது எப்படி இங்க முடியும்?

சாயங்காலம் ஒரு கையில பன்னு, இன்னொரு கையில தாளு. வெரல வச்சு எழுத்தெழுத்தாப் படிச்சேன். பேரெல்லாம் வாயில நட்டு போல்ட்டு போட்டுக் குலுக்கற மாதிரி இருந்துச்சு. ஆனா விஷயம் புரிஞ்சுது. கொலைகாரன், ரோட்டுப் பனியத் தள்ற வண்டி ஓட்டறவன். காலையில பனியத் தள்றப்பவே அவன் கால்தடத்தையும் சேத்துத் தள்ளிடறான். என்ன மூளைங்கறீங்க. பன்னு தீந்து போனதே தெரியாம வெரலக் கடிச்சுட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டு வாஷிங் மெஷினுக்கு அடியில படுத்து பைப்பு மாட்டிக்கிட்டிருந்தேன். டீச்சரம்மா புக்க வாங்கிட்டுப் போக வந்தாங்க. ரெண்டு பேரும் என் தலைக்கு மேல கதை பேசறாங்க. பாதிரியார்தான் கொலைகாரன்னு என் வீட்டுக்காரி சொல்றா. ஆமா ஆமாங்கறாங்க டீச்சரம்மா. நான் நாக்கக் கடிச்சுக்கிட்டேன். கையுறை அவர் வீட்டுலதானே கிடைச்சுதுங்கறா இவ. இன்னும் பலமாக் கடிச்சேன். கல்யாணமான நாள்லேர்ந்து அவளுக்குத் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரியறது இதான் முதல் தடவை. அதைச் சொல்லாம விட்டா நான் மனுஷனா?

"பாதிரியார் இல்லம்மா. பனி வண்டிக்காரன்."

என் வீட்டுக்காரி மெஷினுக்கு அடியில குனிஞ்சு பாத்தா.

"அப்படிங்களா? கால்தடமே இல்லையேங்க."

"அவன்தானே பனியத் தள்றான். அதோட தடமும் போயிடுச்சு."

"அப்ப கையுறை?"

"அதை அவனே கொண்டு போய் அங்க போட்டான். கடைசி அத்தியாயத்துல தெளிவாப் போட்டிருக்கே..."

ஸ்பேனர் என் மூக்கு மேலயே விழுந்துச்சு.

"வெளிய வாங்க"ன்னா. வந்தேன். ஸ்டூலப் போட்டு உக்காந்தா. பால் ஊத்தாத காப்பி. என்னையே பாத்தா.

"நான்தாம்மா வெட்டினேன்."

"காப்பி ஆறக்கூட இல்ல" அப்படின்னாங்க டீச்சரம்மா.

முடிவே தெரியாம எப்படிடி உன்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடிஞ்சுதுன்னு கேட்டேன்.

"எந்தப் புக்கா இருந்தாலும் நான் கடைசியத்தாங்க முதல்ல படிப்பேன். யாரு பண்ணாங்கறதுல என்ன இருக்கு? அந்தாளு என்னென்ன கோமாளித்தனம் பண்ணி மாட்டறான்னு நிதானமாப் பாக்கறதுதானே சுகம்."

இரவல் புக்கு, ஒட்டித் தரணும்னுட்டா. ஓடிப்போய்த் தாளக் கொண்டாந்தேன். அவ பசை தடவ, நான் ஒவ்வொண்ணா எடுத்து நீட்டறேன். கொலைகாரன் குத்தத்த ஒத்துக்கற பக்கம் வந்துச்சு. அதுல செவப்பா என் கட்டை வெரல் ரேகை. ஜாம்.

அவ குனிஞ்சு பாத்தா. நான் முந்திக்கிட்டு, ரத்தக் கறை மாதிரி அச்சடிச்சிருக்கான்மா, வெளிநாட்டுக்காரன் எல்லாம் தத்ரூபமாப் பண்ணுவான்னேன். ஓஹோன்னு சொல்லி ஒட்டிட்டா.

நெஞ்சு மேலேர்ந்து கம்ப்ரஸர எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. தாள வெட்டின குத்தத்துல மாட்டுனா மாட்டட்டும், பன்னு தப்பிச்சுது. அதுமட்டுமில்ல, இந்த மாச டெஸ்ட்ல சர்க்கரை வேற எறங்கியிருந்துச்சு. எப்படி எறக்குனீங்கன்னு டாக்டர் கேட்டப்ப, எல்லாம் கட்டுப்பாடுதாங்கன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டேன். பன்னு தின்னா சர்க்கரை எறங்கும்னு எத்தனை டாக்டருக்குத் தெரியும்?

மறுநாள் நாலு மணிக்கு பேக்கரிக்கு ராஜா மாதிரி நடந்து போனேன். கொஞ்சம் நில்லுங்கண்ணே, உங்க ஜாம் பாட்டில் மேல இருக்குன்னு பேக்கரிக்காரன் ஸ்டூல் மேல ஏறுனான். எனக்கு எதுக்குடா தனி ஜாமுன்னேன்.

"உங்க வீட்டு அக்கா போன மாசமே சர்க்கரை இல்லாத ஜாம் குடுத்துட்டுப் போயிட்டாங்களேண்ணே, உங்களுக்கு மட்டும் இதைத் தடவச் சொல்லி. நீங்ககூடப் போன வாரம் சொன்னீங்களே, இப்பல்லாம் என் கடைப் பன்னு முன்னைவிட இனிப்பா இருக்குன்னு."

பன்ன வாங்கி, ரோட்டுல நின்னே தின்னேன். என்ன பண்றது, இனிப்பாத்தான் இருந்துச்சு.