தட்டினால் வராத பச்சைப் புள்ளி

செஸ்ஸை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முழுக்க நானே கற்றுக்கொண்டது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. ஆனால், நானே கற்றுக்கொண்டதால் வந்த வினையையும் சொல்லிவிடுகிறேன்.

என் பயிற்சிக்கூடம் அப்பாவின் போன். (நிஜப் பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் வீட்டில் முதலில் போனவள் நான்தான்.) அப்பாவுக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் வேலை. அவர் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்புவதற்குள் ஆட்டம் முடிய வேண்டும். போனில் சார்ஜும் நிற்காது. அதனால் என் ஆட்டத்தில் தற்காப்பு என்பதே கிடையாது. எடுத்தவுடன் ராணியை வெளியே அனுப்புவேன். வெட்டு, செக், வெட்டு. பேட்டரி சாவதற்குள் எதிரி ராஜா சாக வேண்டும். கம்ப்யூட்டரே என்னிடம் திணறும். (ஈஸி லெவல்தான். யார் கேட்டார்கள்?)

தாம்பரத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது செஸ் டீமில் ஒரே ஓர் இடம் காலி. அதற்கான தேர்வில் கடைசி ஆட்டம் எனக்கும் முதலாண்டு நஸ்ரினுக்கும். ஜெயிப்பவள் டீமில். அப்பா கேண்டீன் முழுக்க, "எம் பொண்ணு காலேஜுக்கு ஆடுது" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து ஹால் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

ஆட்டம் என் பிடியில்தான் இருந்தது. என் ராணி மட்டும் இடத்தைவிட்டு அசையக் கூடாது. அசைந்தால் நஸ்ரினின் யானை நேரே இறங்கி என் ராஜாவை முடித்துவிடும். அதுவரை நான் எதையும் யோசித்து ஆடியதில்லை. ஜெயிக்கப் போகிறோமே, ஒருமுறை நிதானமாக யோசிப்போம் என்று அன்றுதான் தோன்றியது.

போனில் ஒரு காயைத் தட்டினால், அது போகக்கூடிய கட்டங்களில் பச்சைப் புள்ளி வரும். அதே பழக்கத்தில் பலகையில் இருந்த ராணியைத் தட்டினேன்.

வரவில்லை. இன்னும் அழுத்தித் தட்டினேன்.

"அக்கா, ராணியைத் தொட்டுட்டீங்க" என்றாள் நஸ்ரின்.

"சும்மா பாத்தேன்மா."

"தொட்ட காயைத்தான் ஆடணும்க்கா."

பி.டி. சார் வந்தார். "தொட்டியா?"

"தட்டினேன் சார்."

"எதுக்கு?"

"புள்ளி வரும்னு..."

ஹால் மொத்தமும் சிரித்தது. சாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "ராணியை நகர்த்தும்மா" என்றார். நகர்த்தினேன். யானை இறங்கியது.

வெளியே அப்பா, "இன்னாம்மா, கெலிச்சிட்டியா?" என்றார். தோற்ற கதையைச் சொன்னேன். கையிலிருந்த போனைக் கொஞ்ச நேரம் முறைத்தார்.

"எல்லாம் இந்த சனியனாலதான். நீ இன்னா பண்ணுவ?"

அடுத்த ஆண்டு அதே டீமில் சேர்ந்தேன். முதல் பலகை எனக்கு (டீமில் நன்றாக ஆடுபவருக்குத்தான் அதைத் தருவார்கள்), இரண்டாவது நஸ்ரினுக்கு. யோசிக்கும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொள்வேன். ஜூனியர்கள் இதை ஏதோ ரகசியப் பயிற்சி என்று நம்பி அப்படியே உட்காருகிறார்கள்.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. போன வாரம் புடவைக் கடையில் ஒரு மயில்கழுத்து நிறப் புடவைமேல் கை வைத்தேன். அப்பா உடனே கடைக்காரரிடம், "தொட்டுடுச்சு சார், பேக் பண்ணிடுங்க" என்றார்.

"மொதல்ல கைமேல உக்காருடி" என்றாள் அம்மா.

பேக் பண்ணிவிட்டார்கள். (நானும் முழுக்க யோசித்துவிட்டுத்தான் தொட்டேன்.)