பேண்டேஜ் சாரின் மூன்று நாள் கைது

பேசியே ஒரு மோசடிக் கும்பலை ஓடவிட்ட மனிதர் இராஜபாளையத்தில் ஒரே ஒருவர்தான். எங்கள் ஸ்டேஷனில் அவருக்குப் பேண்டேஜ் சார் என்று பெயர். மருத்துவக் கட்டுத்துணி செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயரானவர். பேச்சும் அந்தத் துணிச்சுருள் மாதிரிதான். நுனியைப் பிடித்து இழுத்தால் தெருக்கோடி வரை வரும்.

நான் அப்போது அங்கே கான்ஸ்டபிள். தனியாக வசிக்கும் பெரியவர்களை வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இன்ஸ்பெக்டர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். என் பங்குக்குப் பன்னிரண்டு வீடு. நலம் விசாரித்து, வாசலில் தொங்கும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு வீட்டை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன். பன்னிரண்டாவது, பேண்டேஜ் சார் வீடு.

மனைவி தவறிவிட்டார். ஒரே மகள் கனடாவில். போலீஸ் வருகிற வியாழக்கிழமை மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

"செத்த நேரம் உக்காருங்கம்மா. இந்தச் சன்னல் கம்பில ஒரு சந்தேகம். போன வாரம் ஏழு கம்பி இருந்துச்சு."

எண்ணினேன். "இப்பவும் ஏழுதான் இருக்கு சார்."

"அதான பாத்தேன். எவனும் களவாங்கல. எம்புட்டு நிம்மதி!" என்று காபி கலக்கப் போய்விடுவார்.

ஒரு வியாழக்கிழமை நான் போனபோது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. மகளோடு போனில் பேசுகிறார் என்று நினைத்தேன். தப்பித்தோம் என்று சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

சனிக்கிழமை காலை சவரம் செய்யாத முகத்தோடு அவரே ஸ்டேஷனுக்கு வந்தார்.

"என்னய மூணு நாளா அரெஸ்ட் பண்ணி வச்சிருந்தாங்கய்யா."

"யாரு?" என்று எழுந்தே நின்றுவிட்டார் இன்ஸ்பெக்டர்.

"பம்பாய் போலீசு. போன்லயே."

காக்கிச் சட்டை போட்ட ஒருவன் வீடியோ காலில் வந்திருக்கிறான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று மிரட்டியிருக்கிறான். ஊர் ஊராக நடக்கிற அதே மோசடி.

"பாஸ்புக் நம்பர் கேட்டிருப்பானே, குடுத்தீங்களா?"

"கேட்டான். பீரோவத் தொறந்தேன். மொதல்ல எங்க வீட்டம்மா போட்டோதான் கையில சிக்குச்சு. அத அவன்ட்ட காட்டி, அவள சேத்தூருக்குப் பொண்ணு பாக்கப் போன கதையச் சொல்லிக்கிட்டிருந்தேன். பாதியில கட் பண்ணிட்டான்யா. அவன் நம்பரக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"பிடிச்சு உள்ள வைக்கத்தானே?"

"இல்லய்யா. கத பாதியில நிக்குது."

ஸ்டேஷனே சிரித்தது. என்னால் முடியவில்லை. வியாழக்கிழமை அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது.

"நகரக் கூடாதுன்னு சொன்னதும் பயமா இல்லயா சார்?" என்று கேட்டேன்.

"பயந்தேன்மா. ஆனா நகந்து நான் எங்க போகப்போறேன்? நாள் பூரா ஒருத்தன் என்னயவே பாத்துக்கிட்டிருந்தான்."

அடுத்த மாதம் பெரியவர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி எச்சரிக்கைக் கூட்டம் நடத்தினோம். மைக் பேண்டேஜ் சார் கையில். "யாரு கேட்டாலும் பேங்க் நம்பரச் சொல்லாதீக. போலீசு போன்ல கைது பண்ணாது" என்றார். கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா ஒண்ணு, அந்தப் பய நல்லாப் பொறுமையாக் கேட்டான்" என்றார்.

பின்வரிசையில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் கையைத் தூக்கினார். "அந்த நம்பர் எனக்குக் கெடைக்குமா?"

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கிய பிறகு இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரத்திலிருந்து, வீட்டுக்குள் போய் உட்காராமல் நோட்டில் கையெழுத்துப் போடக் கூடாது என்று உத்தரவு. பெரியவர்களும் முறை வைத்து, தினம் காலையில் ஒருவருக்கொருவர் போன் செய்தார்கள். பேண்டேஜ் சாரைக் கூப்பிடும் முறை வந்தவர்களுக்கு அன்று இட்லி ஆறிவிடும்.

பிறகு எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றல் வந்தது. சேர்ந்து மூன்றாவது வாரம், புது ஸ்டேஷன் வாசலில் பேண்டேஜ் சார் நிற்கிறார்.

"என்ன சார் இம்புட்டு தூரம்?"

"பால்கோவா வாங்க வந்தேன்மா."

"ஒங்களுக்குச் சுகராச்சே?"

"அதான் வாங்கல."

ஒரு மணி நேரம் பேசினார். பெர்மிஷன் போட்டுவிட்டு, பஸ் ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். இராஜபாளையம் பஸ் வந்து நின்றது.

"இதுல கூட்டமா இருக்கு சார், அடுத்ததுல போகலாம்" என்றேன்.

பஸ்ஸில் பாதி சீட் காலியாக இருந்தது.