மூன்றாவது தும்மல்

பாஸிக்குக் கபன் துணி சுற்றியாகிவிட்டது, உடலைச் சுமக்கும் சந்தூக்கு முற்றத்துக்கு வந்துவிட்டது, அஸர் தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. கேலி பண்ணத்தான் ஆளில்லை.

"கசாண்டா எங்கே?" என்று மகள் சௌசிகு ஐந்தாவது முறையாகக் கேட்டாள்.

"கண் ஆபரேஷனுக்கு தார் எஸ் ஸலாம் போனான். பஸ் ஏறிட்டேன்னு காலையிலயே போன் பண்ணினான். ஏறினவன் எங்க எறங்கினானோ, யாருக்குத் தெரியும்?" என்றார் கோம்போ சித்தப்பா.

கடலோரப் பகமோயோ ஜனங்களுக்கும் கடலே இல்லாத உள்நாட்டுத் தபோரா ஜனங்களுக்கும் கேலி முறை. எங்கே கண்டாலும் ஒருவரை ஒருவர் வாயார வைவார்கள், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு பக்கம் சாவு விழுந்தால் மறுபக்கத்துக்காரன் வந்து, செத்தவருடைய தொப்பியை மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே நடந்து, பேசி, சந்தூக்கை மறித்து உட்காருவான். கையில் ஏதாவது கொடுத்தால்தான் எழுந்திருப்பான். வீட்டார் அழுகைக்கு நடுவே சிரித்தாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் உப்புச் சுறாவை ஏற்றிக்கொண்டு தபோராவுக்கு ரயிலில் போய்வந்த காலத்திலிருந்தே பாஸிக்கு இந்தக் கேலியில் தனி ருசி. மீன் சந்தையில் அவர் ஏலம் விட, காப்பி விற்கும் தபோராக்காரர் கசாண்டா எதிரே உட்கார்ந்து வைய, முப்பது வருஷம் ஒரு நாள் லீவு இல்லாமல் நடந்தது.

செவ்வாய்க்கிழமை பாஸி மகளிடம் சொல்லியிருந்தார்: "ஒருத்தனும் சிரிக்காம என்னைத் தூக்கிட்டுப் போனீங்கன்னா, பாதி வழியில எறங்கி வந்துடுவேன், பார்த்துக்க." சரி என்று கையில் அடித்துக் கொடுத்திருந்தாள். அவருக்குச் செய்வதற்கு இனி அது ஒன்றுதான் மிச்சம். அதனால் காலையிலிருந்து அவள் அழவே இல்லை.

"நானே பண்றேன்" என்று சித்தப்பா தொப்பியை மாட்டிக்கொண்டார். சொந்தத் தம்பி கேலி பண்ணுவது முறையில்லை. அவருக்குக் கேலியும் வரவில்லை. "எங்கண்ணன் ஒரு கஞ்சன்..." என்று ஆரம்பித்து, "...எனக்கு மட்டும் எதுவும் இல்லேன்னு சொன்னதில்லையே!" என்று முடித்துக் கதறினார். ஓய்ந்திருந்த பெண்களும் சேர்ந்துகொள்ள, முன்னைக்கு இப்போது மோசமாகிவிட்டது.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டிலிருந்து மீனவர் ஷொமாரி ஓடி வந்தார். "சௌசிகு! தேன் டின்னும் கையுமா ஒருத்தன் பஸ்ஸ விட்டு எறங்கி நம்ம வீட்டுக்கு வழி கேட்டான். தபோராவாம்! கூட்டிட்டு வந்துட்டேன்!"

நாற்பது வயதிருக்கும். உருண்டை முகம், பயணத்துப் புழுதி. பெயர் ஷிஜா என்றான். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. தொப்பி தலையில் ஏறியது, பாஸியின் வெள்ளை அங்கி தோளில் விழுந்தது.

"கடலப் பார்த்தியா தபோராக்காரா? உப்பு யாரு போட்டாங்கன்னு கேட்டியா?" என்று யாரோ கத்தினார்கள். அங்கே அதுதான் மரியாதையான வரவேற்பு.

அவன் சந்தூக்கையே பார்த்தான். "நான்... பாஸியப் பார்க்க வந்தேன்" என்றான்.

தகரத்தில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டியது போன்ற அந்தக் கரகரப்பு அப்படியே பாஸியின் குரல்.

"யோவ்! செத்தவன் குரல்லயே செத்தவனத் தேடுறான்யா!" என்று ஷொமாரி தொடையைத் தட்டினார். அவ்வளவுதான், சிரிப்பு வெடித்தது. வந்தவன் ஒன்றும் புரியாமல் கழுத்தை இடப்பக்கம் சாய்த்து ஒரு கண்ணைச் சுருக்கினான். அடிமாட்டு விலைக்கு யாராவது மீன் கேட்டால் பாஸி பார்க்கிற பார்வை அது. சௌசிகுவுக்குக்கூட உதடு துடித்தது. அப்பா, சிரிக்கிறாங்கப்பா, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து பாத்திரம் விழும் சத்தம். இத்தாவில், விதவைக்கான தனிமையில், உட்கார்த்தியிருந்த அம்மா ஸிகுதானி, நான்கு பெண்களை உதறிவிட்டு நிலைப்படிக்கு ஓடி வந்தாள்.

"வந்துட்டீங்களா? இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?"

அந்த உருண்டை முகத்தைப் பார்த்ததும் அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தாள். சிரித்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சௌசிகு ஓடிப்போய் அம்மாவைத் தாங்கிக்கொண்டாள்.

"அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போங்க. சாம்பிராணி போடுங்க, மனசு அடங்கட்டும்" என்றாள்.

போட்டார்கள். புகை முற்றம் வரைக்கும் வந்தது. தபோராக்காரன் தும்மினான். உடனே இன்னொன்று. பிறகு வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான்.

முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. பாஸி இரண்டு தும்மல் போட்டுவிட்டால், மூன்றாவது வரும்வரை சந்தையில் யாரும் விலை கேட்க மாட்டார்கள். எவ்வளவு நேரமானாலும் அது வந்தே தீரும். வந்தது, கூரைத் தகரம் அதிர வந்தது. பெஞ்சிலிருந்து இரண்டு பேர் உருண்டார்கள். தொழுகை நடத்த வந்த இமாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள்கள் குலுங்கின.

"போதும்ணே" என்று சௌசிகு அவன் கையில் ஒரு நோட்டைத் திணித்தாள். "நல்லாப் பண்ணினீங்க. அஸருக்கு நேரமாச்சு, வழிய விடுங்கண்ணே."

இடது புறங்கையால் ஈயை விரட்டுவது போல அவன் அதைத் தள்ளினான். அதுவும் அப்பா.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. அவர் முகத்த ஒரு தடவ பார்த்துக்கறேன்."

"விட மாட்டான் போலிருக்கே! பலே, பலே!" என்றது கூட்டம்.

அவன் சந்தூக்கின் பக்கத்தில் மண்டியிட்டான். பிடரியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வாய் திறந்து, சத்தமே இல்லாமல் அழுதான். கூட்டம் கைதட்டியது.

சௌசிகு சிரிக்கவில்லை. தான் கல்யாணமாகித் தாங்கா ஊருக்குக் கிளம்பிய அன்று, கதவிடுக்கு வழியாக அவள் மட்டும் பார்த்த அழுகை அது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

"எந்திரி!" என்று அவன் தலைத் தொப்பியைப் பிடுங்கினாள். "யார்றா நீ? அது எங்கப்பா எனக்காக அழுதது! அதையும் கேலிக்கு எடுத்துட்டு வர்றியா?"

கைதட்டல் நின்றது. சித்தப்பா பதறினார். "சௌசிகு! கேலி முறைக்காரன்கிட்ட கோவப்படக் கூடாதும்மா! அண்ணனுக்குத்தான் குறை!"

அவளுக்குக் காது கேட்கவில்லை. தொப்பியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அழுதாள், காலையிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அப்பாவின் கடைசி ஆசையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்றும் அழுதாள்.

"எவன்டா அது, என் வேலையப் பார்க்கிறவன்?" வாசலில் கசாண்டா நின்றார். ஒரு கண்ணில் கட்டு, கையில் தடி. "டயர் வெடிச்சு ரெண்டு மணி நேரம் ரோட்டுல நின்னேன். பாஸிய வையறதுக்கு முப்பது வருஷமா சேர்த்து வச்சிருக்கேன், ஆமா!"

"இவரே எல்லாம் பண்ணிட்டார் கசாண்டா" என்றார் ஷொமாரி, குரலைத் தாழ்த்தி. "குரலு, கழுத்து... மூணாவது தும்மல்கூட வந்துதுய்யா."

கசாண்டா நம்பவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு, அந்த வந்தவனைச் சுற்றி வந்தார். அவன் எழுந்து, சுடுமணலில் கால் வைக்கிறவனைப் போல இரண்டடி விலகி நின்று, கழுத்தை இடப்பக்கம் சாய்த்தான். கிழவரின் வாய் பாதி வசவோடு நின்றுபோயிற்று.

"தினம் அவன் முன்னால உட்கார்ந்து பார்த்தவன் நான்" என்றார் மெதுவாக. "எனக்கே அந்தக் கழுத்து வரல. நீ எத்தனை வருஷம்ப்பா அவன்கூட இருந்து கத்துக்கிட்டே?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நான் யாரையும் பார்த்துப் பண்ணலைங்க, பெரியவரே, இவரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல, இவர்தான் என் அப்பான்னு எங்கம்மா போன மாசம் சாகறப்பத்தான் சொன்னா."