குச்சிக்கூட்டுப் பூச்சியும் என்னைப் பெண் பார்த்த லட்சணமும்

பெண் பார்க்க வந்தவர்களைத் துரத்திவிட்டவள் என்று செங்கல்பட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. சுத்தப் பொய். நான் யாரையும் துரத்தவில்லை. ஒரு பூச்சியைப் பற்றி விளக்கம் சொன்னேன், அவர்களாகவே எழுந்து போனார்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம். (உலகத்திலேயே பூச்சி தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பு. கண்ணாடி வேறு போட்டிருந்தேன்.) செய்முறைத் தேர்வுக்காக, திருக்கழுக்குன்றம் சாலையோர வேலங்காட்டில் தாவணி கிழியக் கிழிய அலைந்து குச்சிக்கூட்டுப் பூச்சிகளைப் பிடித்து வந்திருந்தேன். இந்தப் புழு சின்னக் குச்சிகளைக் கடித்தெடுத்து, தன் வாயில் சுரக்கும் நூலால் சேர்த்துக் கட்டி, அந்தக் கூட்டுக்குள்ளேயே குடியிருக்கும். தலையை மட்டும் வெளியே நீட்டி, கூட்டையும் இழுத்துக்கொண்டே நகரும். ஒரு வேலங்கிளையோடு அவற்றைக் கூடத்து ஜன்னலில் சோடா பாட்டிலில் செருகி வைத்திருந்தேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது செய்யூரிலிருந்து ஒரு சவுக்குத்தோப்புக்காரர் குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. ஒத்துவந்தால் மறுநாளிலிருந்து காலேஜும் இல்லை, பரீட்சையும் இல்லை என்று அப்பா முன்பே சொல்லிவிட்டார். அழுது பார்த்தேன். பட்டினி கிடந்தும் பார்த்தேன். (யாருக்கும் தெரியாமல் நாலு தோசை தின்றது வேறு கணக்கு.) ஒன்றும் நடக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஜன்னலோரமாக உட்கார்ந்தார். நான் கேசரித் தட்டோடு வந்து நின்றபோது அவருடைய பட்டுப்புடவைத் தோளில் ஒரு குச்சிக்கட்டு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அவரும் பார்த்துவிட்டார். நூல் சுற்றிய குச்சி, அதுவும் நடக்கிறது.

"இன்னாங்க, செய்வினை வச்சிகிறாங்க, மேல ஏறுது பாருங்க," என்று புருஷன் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை எழுந்து வாசலுக்கே போய்விட்டார்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தட்டைக் கீழே வைத்துவிட்டு, கூட்டைப் பிடுங்கிக் கையில் வைத்து, வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன்.

"செய்வினை இல்லீங்க, பூச்சி. இப்ப புழு, அதான் நடக்குது. வளந்தப்புறம் ஆணுக்குத்தான் றெக்கை மொளைக்கும், வெளிய பறக்கும். பொண்ணுக்கு றெக்கையும் இல்ல, காலும் இல்ல. காலம்பூரா கூட்டுக்குள்ளயே கெடந்து, முட்டை போட்டுட்டு செத்துப்பூடும்."

அந்த அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பரவால்லியே. வூட்ட வுட்டு வெளிய போவாத நல்ல பொண்ணா கீது. உன்னாட்டம் காலேஜு கீலேஜுன்னு சுத்தாது."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "அப்ப இதையே உங்க புள்ளைக்குக் கட்டி வைங்க," என்று கூட்டை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டேன்.

காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். என் அம்மா தலையிலடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவர்களை பஸ் ஏற்றிவிட அப்பா போனார். முதுகுத் தோல் உரியப்போகிறது என்று நின்றேன். வந்தவர் ஜன்னலில் இருந்த கிளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே அதுக்குக் காலுகூட இல்லியா?"

"இல்ல நைனா."

சோடா பாட்டிலை ஜன்னலில் சற்று உள்ளே தள்ளி வைத்தார். பிறகு, "பரீட்சை என்னிக்கு?" என்றார்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாரையாவது பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், "அத்தைய ஊருக்கு அனுப்பிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் எங்கும் போவதில்லை. நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொண்ணுக்கு இன்னும் எத்தனை பரீட்சை பாக்கி என்று கேட்ட பிறகுதான் கேசரியை வெளியே வரவிடுகிறேன்.