உடைமரத்தடியில் ஒரு சீறல்

எபநேசரின் முன்சக்கரம் அன்றைக்கும் அந்த உடைமரத்துக்கு நேராகத்தான் உயிரை விட்டது.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல். அப்புறம், கரிசல் காடு முழுக்கக் காது முளைத்து உற்றுக் கேட்பதுபோல ஓர் அமைதி.

மணியாச்சி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வுபெற்றவர் எபநேசர். விடிந்தும் விடியாத இருட்டில், வெள்ளை ஹெல்மெட்டின் நெற்றியில் ஒற்றை விளக்கெரிய, ஓட்டப்பிடாரம் பக்கத்து வண்டிப்பாதையில் கியர் சைக்கிள் மிதிப்பதுதான் இப்போது அவருக்குப் பரலோகத்துக்கு முந்தின ஸ்டேஷன்.

உருட்டிக்கொண்டு வந்தவரை மனைவி ஸ்டெல்லாமேரி வாசலிலேயே மறித்தாள்.

"இன்னொரு மட்டம் உருட்டிட்டு வந்தியன்னா, சைக்கிளை என் தம்பிக்குக் குடுத்துருவேன்."

தம்பி ஜெஸ்டின் சாயங்காலமே பூட்டு வாங்கிவிட்டான்.

காற்று குறைவுதான் கோளாறு என்று, வீட்டில் நின்றுகொண்டு அடிக்கிற பெரிய பம்பால் எபநேசர் அடித்துத் தள்ளினார். டயரைத் தட்டினால் தேவாலய மணி கேட்டது. மறுநாள் அதே மரத்தடியில் டயர் வெடித்த வெடிக்கு மூன்று ஊர்க் காக்கைகள் பறந்தன. பாதையோரச் சோளத்துக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள். பிறகு ஓடுகிற காலடிகள். விளக்கைத் திருப்பினால் ஆளில்லை, கதிர்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

நல்லவேளை, பையில் மாற்று ட்யூபும் முழ நீளக் கைப்பம்பும் இருந்தன. டயரில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கி, ட்யூபை மாற்றிவிட்டு, குத்தவைத்து, உஸ் உஸ்ஸென்று அடித்தார். நிமிர்ந்தவர் கண்ணில் மரக்கிளை பட்டது. வேப்பிலை. குங்குமம் தடவிய எலுமிச்சை. கீழே கறுப்புக் கோழியின் இறகுகள்.

சபைக் கமிட்டி உறுப்பினர் பேய்க்குப் பயப்படலாமா? அவர் பயப்படவில்லை. கண்ணை மூடி, "அல்லேலூயா!" என்று தொண்டை கிழிய ஜெபித்தபடியே மிச்சக் காற்றை அடித்தார். சோளத்துக்குள்ளிருந்து யாரோ கேவினார்கள்.

அந்த இடத்தில் இனி ஒரு நொடிகூட நிற்கக்கூடாது. கோவில்பட்டிக் கடையில் கட்டைவிரல் பருமனில் கேஸ் குப்பி ஒன்று வாங்கினார். திருகினால் கண் இமைப்பதற்குள் டயர் நிரம்பிவிடுமாம்.

அடுத்த நாள் முள் இரட்டிப்பாகக் கிடந்தது. முன்சக்கரம் படுத்தது. பஞ்சர் ஒட்டிவிட்டுக் குப்பியைத் திருகியதும் புஸ்ஸ்ஸ் என்று வெண்புகை கிளம்பியது. காட்டுக்குள் ஓர் அலறல், ஒரு தூக்குச்சட்டி உருளும் ஓசை. எபநேசர் திரும்பிப் பார்க்காமல் மிதித்தார்.

அதற்கடுத்த நாள் பாதையை அடைத்துக் கருவேலங்கிளைகளே கிடந்தன. இரண்டு சக்கரமும் செத்தன. ட்யூபும் இல்லை, குப்பியும் இல்லை, ஒட்டுவதற்குப் பசையும் இல்லை.

விடிந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிப் பையில் போட்டு, ஜெஸ்டினின் பூட்டை நினைத்தபடி உருட்டினார். எதிரே பக்கத்து ஊர்ப் பாண்டிச்செல்வி ஆடு பத்திக்கொண்டு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் இரக்கப்பட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

"அந்த மரத்தடியில என்ன தாயி இருக்கு?" குடித்து முடித்துக் கேட்டார்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நெருங்கி வந்தாள்.

"வெள்ளைத் தலையும் ஒத்தைக் கண்ணுமா ஒண்ணு அங்கன குத்தவச்சுச் சீறுது அண்ணாச்சி, அது ஊருக்குள்ள வந்துரக்கூடாதுன்னுதான் நாங்க தெனமும் முள்ளு வெட்டிப் போடுதோம்."