வாசல்காரி வாயில் வராத இரண்டு வார்த்தை

அன்புள்ள என்று எழுதப் பேனா நகராத என் தங்கைக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நான் கேட்கவில்லை, வேறு ஆளிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முழங்கால் வலி மட்டும் இருக்கிறதாம், இருக்கட்டும். முப்பத்தெட்டு வருஷம் பேசாதவளுக்கு இப்போது என்ன கடிதம் என்று நீ கேட்பாய். உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் அன்றைக்குச் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்ன சொல் சொன்னபடியே இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சிரிக்காதே. என் பேத்தி வேலை பார்க்கிற இடத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குக் குரல் பதிவு செய்கிறார்கள். போன மாதம் வாஷிங் மெஷின் ரிப்பேர்காரன், வந்து பெல் அடித்தேன், யாரும் திறக்கவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டான். நான் காலையிலிருந்து கதவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் அவன் வந்தபோது, "எந்த விரலால அடிச்சே, அந்த விரலைக் காட்டு"ன்னு நான் கேட்டது, அப்ப லைன்ல இருந்த பேத்தியோட போன் வழியா அவ ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கு. அங்கே பதிவு பண்ற பெரியவர் ஒருத்தர், எப்பவும் காதை மூடிக்கிட்டு ஒரு கருவி மாட்டியிருப்பார், நான் காதுமூடின்னுதான் கூப்பிடறேன், அவர் எழுந்து நின்னு, "இந்த அம்மாவைத்தான் ஆறு மாசமா தேடறேன்"னாராம்.

விளையாட்டுல ஒரு பொம்பளை வர்றா. மலைமேல ஒரு கோட்டை, அதோட வாசலைக் காக்கிறவ. பேரு வாயில நுழையலை, எனக்கு அவ வாசல்காரி. உடம்பு பூரா இரும்புச் சட்டை, கையில ஈட்டி. அவளுக்கு ஒரே விதி. பொய் சொன்னவங்க வாசல் தாண்டக்கூடாது, அவளே பொய் சொல்லக்கூடாது. சொந்தம், அந்நியம் எல்லாம் ஒண்ணு. ஒரு ராஜா வயசுல ரெண்டு குறைச்சுச் சொன்னான், படையோட திருப்பி அனுப்பிட்டா. ஒரு முனிவர் பட்டினியா வந்து, பசிக்கலைன்னு நாசூக்காச் சொன்னார், அவரையும் அனுப்பிட்டா. எனக்கு அப்படியே கண் நிறைஞ்சு போச்சு. எழுபத்துநாலு வயசுல எனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு மனுஷியைப் பார்க்கிறேன், அவளும் மனுஷி இல்லை, பொம்மை. ஆனா நம்ம குடும்பத்துல ஒருத்தருக்காவது அந்த முதுகெலும்பு இருந்துச்சா சொல்லு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. அவ மிரட்டறது, விரட்டறது, சாபம் விடறது எல்லாம் ஒரே நாள்ல முடிச்சேன். கடைசியில ஒரு இடம். வாசல்காரிக்குக் கூடப்பிறந்த தங்கச்சி ஒருத்தி. ஒரே ஒரு பொய் சொன்னதுக்காக அவளைத் துரத்திட்டா. பல வருஷம் கழிச்சு அவ திரும்பி வந்து பனியில நிக்கிறா. விளையாட்டை ஆடறவங்க எப்படி ஆடினாங்களோ அதைப் பொறுத்து வாசல்காரி ஒண்ணு "போ"ன்னு சொல்லணும், இல்லை "உள்ளே வா"ன்னு சொல்லணும். ரெண்டையும் பதிஞ்சு வெச்சுக்கணுமாம். "போ" ஒரே தடவைதான் சொன்னேன். காதுமூடி கருவியைக் கழட்டி வெச்சுட்டுப் போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தார்.

"உள்ளே வா" மட்டும் வரலை. பத்தொன்பது தடவை சொன்னேன். "அம்மா, நீங்க உள்ளே கூப்பிடறீங்களா, கைது பண்றீங்களா"ங்கறார்.

பேத்தி வந்து, "பாட்டி, சும்மா ரெண்டு வார்த்தை, விருந்தாளியைக் கூப்பிடற மாதிரி சொல்லிடு"ன்னா.

"மனசுல இல்லாம சொன்னா பொய்யாயிடுமேடி."

"நடிப்புதானே பாட்டி."

"வாசல்காரி நடிப்பாளா?"

வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்போம், அப்பவும் வரலைன்னா ஆளை மாத்திடுவோம்னு சொல்லிட்டாங்க. மாத்து ஆள் யாருன்னு விசாரிச்சேன். ரேடியோவுல சோப்பு விளம்பரம் பேசறவ. அவ பேசினா வாசல்காரி வாசல்காரியாவா இருப்பா? வர்றவங்களுக்கு நாற்காலி போட்டு உக்கார வெச்சுடுவா. அத்தனை வருஷம் உக்காராம நின்ன பொம்பளைக்கு இந்தக் கதி வரக்கூடாது.

அதனாலதான் எழுதறேன். எனக்கு அந்த ரெண்டு வார்த்தை வராததுக்குக் காரணம் நீ. மறந்திருப்பே, நான் மறக்கலை. அன்னிக்கு வெள்ளிக்கிழமை. பச்சைப் பூப்போட்ட துணிப்பையோட ரெண்டு நாள் தங்க வந்தே. உன் இடது தோட்டுல ஒரு கல் இல்லை. நீ கிளம்பற அன்னிக்குக் காலையில என் தையல் கடைக் கத்தரிக்கோலை எடுக்கிறேன், பத்து அங்குலக் கத்தரி, துணியைத் தவிர எதையும் தொடாத கத்தரி, அதோட திருகு இடுக்குல தங்கநிறக் காகிதத் துணுக்கு. துணிக் கத்தரியில காகிதம் வெட்டினா முனை செத்துப்போகும்னு தையற்காரி வீட்டுல பிறந்த உனக்குத் தெரியாதா? துணுக்கைக் கவனிக்கிறதுக்கு முன்னாலயே டாக்டரம்மா கொடுத்த பட்டுல வெச்சுட்டேன், எலி கடிச்ச மாதிரி குதறிடுச்சு. அந்தம்மா அப்புறம் என் கடைப்பக்கம் தலைவெச்சுப் படுக்கலை. உன்னைக் கேட்டேன். "நான் வெட்டலை அக்கா"ன்னே. "அப்ப யாரு?"ன்னேன். வாயைத் தைச்ச மாதிரி தரையையே பார்த்துட்டு நின்னே. வெட்டினதைக்கூட விட்டுடுவேன். முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்யைத்தான் விடமுடியலை.

இப்ப நான் கேக்கிறது ஒண்ணுதான். ஒரு காகிதத்துல "நான்தான் வெட்டினேன்"னு எழுதி, இதைக் கொண்டுவர்ற பேத்தி கையில கொடுத்தனுப்பு. உண்மையைச் சொன்னவளுக்கு வாசல் திறக்கலாம், விதியில இடம் இருக்கு. நானும் போய் அந்த ரெண்டு வார்த்தையை மனசாரச் சொல்லிட்டு வந்துடறேன்.

நீயும் உன் பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். உண்மையாகத்தான் வாழ்த்துகிறேன், முழங்காலை மட்டும் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
உன் மூத்தவள்

பி.கு.: உறையில் போடுவதற்கு முன்னால் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என் மகளிடம் கொடுத்தேன். படிச்சவ கட்டில்ல உக்காந்துட்டா. "அம்மா, அது நான்"ங்கறா. அப்ப அவளுக்கு எட்டு வயசு. பள்ளிக்கூட நாடகத்துக்குக் கிரீடம் வெட்டியிருக்கா. நீ பார்த்துட்டியாமே. "உங்கம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். உனக்கு எப்ப தைரியம் வருதோ அப்ப நீயே சொல்லு"ன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தியாமே. "தைரியம் வர முப்பத்தெட்டு வருஷமாடி?"ன்னு கேட்டேன். "உன்னை அம்மாவா வெச்சுக்கிட்டு இதுவே சீக்கிரம்"ங்கறா.

நீ பொய்யே சொல்லலை. வெட்டலைன்னே, வெட்டலை. ஒரு குழந்தைக்குக் கொடுத்த வாக்குக்காக அத்தனை வருஷம் வாயைத் திறக்கலை. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள நிக்கிறவளைவிட நீ பெரிய வாசல்காரி. தப்பான ஆளை வெளியே நிறுத்தினவ நான்.

மேலே கேட்ட காகிதம் வேண்டாம். கடிதத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதலாம்னு மகள் சொன்னா. எழுதினதை மறைக்கிறதும் பொய்தான், அதனால அப்படியே அனுப்பறேன். வியாழக்கிழமைக்குள்ள ஒரு போன் பண்ணு. பேசமாட்டேன்னு சொன்ன சொல் இன்னும் இருக்கு, அதனால எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டு சும்மா இருப்பேன், நீதான் பேசணும். அந்த ரெண்டு வார்த்தையை நீ எனக்குச் சொல்லு. எப்படிச் சொல்றதுன்னு கேட்டுட்டுப் போய் அப்படியே சொல்லிடறேன். இல்லை, "போ"தான் வருதுன்னா அதையே சொல்லு, எனக்கு நியாயம் தெரியும். ஆனா போனை நானா வைக்கமாட்டேன்.